வில்லோடு பயணம் போகும் பெட்டி

பிள்ளைகளை வில்வித்தைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். எந்த வில், எந்த அம்பு என்பதையெல்லாம் பயிற்சியாளர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வில்லை எதில் வைத்து ஊர் ஊராக எடுத்துப்போவது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். பெரும்பாலும் கையிருப்புத் தீர்ந்த பிறகு வரும். அதனாலேயே அதற்கு அவசரமான, மலிவான பதில் ஒன்று கிடைத்துவிடுகிறது. இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

புனேயில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ராணுவ விளையாட்டு நிறுவனம் 2001-ல் இங்கே தொடங்கப்பட்டது. தடகளம், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றுடன் வில்வித்தையும் அங்கே கற்பிக்கப்படுகிறது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தேசிய வில்வித்தை முகாம் 2020 அக்டோபரில் மீண்டும் கூடியதும் அங்கேதான். டோக்கியோவில் ஆடவர் அணியில் அதானு தாஸ், தருண்தீப் ராய், பிரவீன் ஜாதவ் மூவரும் இறங்கினார்கள். பின்னவர் இருவரும் ராணுவ வீரர்கள். பிரவீன் ஜாதவ் நம் பக்கத்து சாத்தாரா மாவட்டம், பல்டண் தாலுகாவிலுள்ள சரடே கிராமத்துப் பிள்ளை. கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவர், ஒலிம்பிக் தனிநபர் முதல் சுற்றில், அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த கல்சான் பசர்ஜாபோவை 6-0 என்று வென்றார். அடுத்து பாரிஸில், 2024 ஆகஸ்டில், ராணுவத்தின் தீரஜ் பொம்மதேவராவும் அங்கிதா பகத்தும் கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்க ஆட்டம் வரை போனார்கள். ஒலிம்பிக் வில்வித்தையில் இந்தியர்கள் பதக்க ஆட்டத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

சாத்தாரா இங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டர். அங்கே கரும்பு விளைந்த நிலத்தில் அமைந்த ஒரு சிறிய பயிற்சிக்கூடத்திலிருந்துதான் அதிதி சுவாமி கிளம்பினார். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி பெர்லினில், பதினேழு வயதில், காம்பவுண்ட் வில் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். பெரியவர்கள் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் உலகப் பட்டம் அது. அதே நாளில், அதே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்த ஓஜஸ் தேவ்தளே ஆடவர் பட்டத்தை வென்றார். அதிதியின் தந்தை அரசுப் பள்ளி ஆசிரியர். கடன் வாங்கித்தான் மகளுக்கு வில்லும் அம்பும் வாங்கிக் கொடுத்தார். இந்த அவையில் இருக்கும் பலர் வீட்டிலும் அதுதான் நிலை என்பதால், கடன்பட்டு வாங்கிய பொருளைக் காக்கும் வழியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

உலகப் போட்டிகளில் பயன்படும் ஒரு முழு வில் இன்று இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. நல்லவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தோ தென் கொரியாவிலிருந்தோ வருகின்றன. ஒரு கை, அதாவது லிம்ப், விரிசல் விட்டுவிட்டால் அதே வலுவில், அதே நீளத்தில் இன்னொன்று வருவதற்குள் போட்டிக் காலமே போய்விடும். களத்திலும் இரக்கம் கிடைக்காது. தரவரிசைச் சுற்றில் கருவி பழுதானால் சரிசெய்துகொள்ள அதிகபட்சம் 15 நிமிடம் தருவார்கள். நேருக்கு நேர் மோதும் சுற்றுகளில் கூடுதல் நேரம் என்பதே கிடையாது. மாறி மாறி எய்யும் ஆட்டத்தில் ஓர் அம்புக்கு 20 விநாடிதான். ரயிலில் வந்த அடியை அங்கே போய்க் கண்டுபிடித்தால், அந்த ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இனிப் பெட்டிக்கு வருவோம். இணையக் கடைகளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை வேட்டை வில்லுக்கான பெட்டிகள். கனமான பிளாஸ்டிக் ஓடு, பெரிய கொண்டிகள், உள்ளே நுரை, மூடியில் அம்புகளைச் செருகி வைக்கும் பட்டைகள் என்று பார்த்தவுடன் நம்பிக்கை தரும் தோற்றம். அமெரிக்காவில் பிளானோ, எஸ்கேபி, பெலிக்கன் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை எந்தப் பயணத்துக்காகச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவர் பெட்டியைத் தன் பிக்அப் வண்டியின் பின்புறத்தில் போடுகிறார், காட்டோரம் வரை ஓட்டிப் போகிறார், இறக்குகிறார். பெட்டியின் எடை அவருக்குப் பொருட்டல்ல. நீளமும் பொருட்டல்ல.

நம் நாட்டில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது, அது நல்லதும்கூட. ஆகவே இங்கே காம்பவுண்ட் வில் எடுக்கிற பிள்ளை போட்டிக்காகவே எடுக்கிறது. அந்த வில் பிறந்தது என்னவோ வேட்டைக்காகத்தான். மிசௌரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் வில்லின் முனைகளில் உருளைகளைப் பொருத்தி, 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் பெற்றார். முழுவதும் இழுத்த நிலையில் கையில் விழும் பாரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. காட்டில் காத்திருந்து எய்வதற்கு உதவிய அந்த அமைப்பே களத்தில் துல்லியத்துக்கு உதவியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் முதன்முறையாக இடம்பெறப் போகிறது. இனி இந்த வில்லை எடுக்கும் பிள்ளைகள் கூடுவார்கள், பெட்டி தேடும் பெற்றோர்களும் கூடுவார்கள்.

வேட்டைக்கு வரும் காம்பவுண்ட் வில் குட்டையானது. புதருக்கும் மரக்கிளைக்கும் நடுவே திருப்ப வேண்டுமே! இரு உருளைகளின் அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 28 முதல் 33 அங்குலம்தான் இருக்கும். போட்டி வில்லில் அதே அளவு 36 முதல் 40 அங்குலம். கடைக்காரர் சொல்லும் நீளமும் வில்லின் அட்டையில் அச்சிட்ட நீளமும் இந்த அச்சு அளவுதான். உருளைகளோ அச்சைத் தாண்டி இருபுறமும் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். 38 அங்குல வில்லை 40 அங்குலப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று எண்ணி வாங்கியவர், உருளையைப் பக்கச் சுவரில் அழுத்தி மூட வேண்டிய நிலைக்கு வருவார். காம்பவுண்ட் வில்லை, பிரஸ் என்ற கருவி இல்லாமல் கழற்றிச் சுருக்கவும் முடியாது. அதன் நாணும் கேபிள்களும் எந்நேரமும் இழுபட்டே இருக்கும், பெட்டிக்குள் உறங்கும்போதும் பாரம் ஏறித்தான் இருக்கும். அந்த நிலையில் உருளை ஒரு பக்கமாக நெருக்கப்பட்டால் கேபிள் தடத்திலிருந்து விலகலாம், லிம்ப் வளையலாம். ஆகவே பெட்டி வாங்கும் முன் வில்லைத் தரையில் கிடத்தி, ஓர் உருளையின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் வெளி விளிம்பு வரை அளவுநாடாவை ஓட்டுங்கள். அந்த எண்ணோடு இரு பக்கமும் இரண்டு விரற்கடை சேர்த்தால்தான் பெட்டியின் உள்நீளம்.

இப்படிக் கணக்கிட்டால் பெட்டி 110 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். பயணத்தின் முதல் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் ரயிலில் போகிறார்கள். ரயில் பெட்டிக்குள் பயணியோடு கொண்டுபோகும் சாமான் 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. அதற்கு மேற்பட்டதை பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். மூன்றடுக்கு ஏசியிலும் ஏசி சேர் காரிலும் அளவு இன்னும் இறுக்கம்: 55, 45, 22.5 சென்டிமீட்டர். இந்த விதியை எல்லா வண்டியிலும் அளவுநாடா வைத்துப் பார்ப்பதில்லை என்பது ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 25 சென்டிமீட்டர் உயரம் என்பதைத் தள்ளிவிட முடியாது. கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையாத பெட்டி நடைபாதையில் நிற்கும். நடைபாதையில் நிற்கும் பெட்டியின் மேல் யாராவது உட்காருவார்கள், இல்லையென்றால் இரவு முழுக்க அது உதைபடும். இங்கிருந்து சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னைக்குப் போகும் வண்டியில் இருபது மணி நேரத்துக்குப் பக்கமாக அந்தப் பெட்டியைக் காவல் காக்க வேண்டும். தடிமனான, உயரமான வேட்டைப் பெட்டி ரயிலுக்கு உதவாது. தட்டையான பெட்டியே உதவும்.

விமானத்தில் கதை வேறு. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்கு சரக்கறைச் சாமான் பொதுவாக 15 கிலோ. ஏழு கிலோ எடையுள்ள பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வில்லும் மாற்று வில்லும் நிலைப்பான் கம்பிகளோடு சேர்ந்து ஐந்து கிலோ, அம்பும் கருவிகளும் ஒரு கிலோ. துணிமணிக்கு இரண்டு கிலோ மிஞ்சுகிறது. வெளிநாட்டுப் பயணத்தில் பல நிறுவனங்கள் ஒரு சாமானுக்கு 23 கிலோ தருகின்றன. கூடவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. 110, 45, 15 என்று இருக்கும் காம்பவுண்ட் பெட்டியைக் கூட்டிப் பாருங்கள், 170 வருகிறது. அளவு மிஞ்சிய சாமான் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். எடை 32 கிலோவைத் தாண்டினால், காசு கொடுத்தாலும் ஒரே சாமானாக ஏற்ற மறுப்பார்கள். தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது. ஆக, காம்பவுண்ட் எடுக்கும் வீடுகள் விளையாட்டுச் சாமானுக்கான விதியை டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையக் கவுன்டரில் நின்று வாதாடும் நேரம் அது அல்ல.

ஒலிம்பிக் வில்லான ரிகர்வ் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது கழற்றி மாட்டும் வில். நடுவில் பிடிக்கும் ரைசர் பெரும்பாலும் 25 அங்குலம், அதாவது 63.5 சென்டிமீட்டர். இரண்டு லிம்ப்களும் ஏறக்குறைய அதே நீளம்தான். உண்மையில் பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது வில் அல்ல, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீள நிலைப்பான் கம்பி. அது 28 முதல் 30 அங்குலம் இருக்கும். அம்பும் ஏறக்குறைய அதே நீளம். இதைக் கவனிக்காமல் ரைசரை மட்டும் அளந்து பெட்டி வாங்கியவர்கள் கம்பியைத் தனிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதைப் போட்டிகளில் பார்க்கலாம். உள்நீளம் 78 சென்டிமீட்டர் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும். வெளியே 80, 40, 25 என்று கொண்டாலும் கூட்டுத்தொகை 145. ரயில் பெர்த்துக்கு அடியிலும் போகும், விமானத்திலும் போகும்.

ரிகர்வ் வில்லுக்கு முதுகில் மாட்டும் பைகளும் வருகின்றன. புனேயில் பாதிப் பிள்ளைகள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் மைதானத்துக்கு வருகிறார்கள். தினப் பயிற்சிக்கு அந்தப் பையே போதும், பெட்டியைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அதே பையை விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். பையின் பின்புறம் கெட்டியான தகடு இருக்கும், பக்கவாட்டில் துணிதான் இருக்கும். பக்கவாட்டில் விழும் ஒரு சூட்கேஸ் போதும்.

எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று தெரிந்தால்தான் பெட்டியை எடைபோட முடியும். ரைசர் அலுமினியத்தாலோ கார்பனாலோ ஆனது, எளிதில் உடையாது. உடைவதற்குக் காத்திருப்பவை மூன்று: லிம்ப், அம்பு, சைட். லிம்ப் என்பது கார்பன் இழைகளையும் மரம் அல்லது நுரை நடுப்பகுதியையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிய தகடு. அதன் விளிம்பில் கூர்மையான அடி ஒன்று விழுந்தால் வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். நாணேற்றி இழுக்கும்போதுதான் அது தன்னைக் காட்டும், சில நேரம் முகத்துக்கு நேரே. கார்பன் அம்பும் அப்படியே. கீறல் விட்ட அம்பை எய்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையில் ஏறும். சைட் என்ற குறிபார்க்கும் கருவியின் திருகு ஒரு சுற்று நகர்ந்தாலே 70 மீட்டர் தூரத்தில் அம்பு வேறு வளையத்தில் போய் நிற்கும். அங்கே பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர்.

ஆகவே பெட்டியின் ஓடு எவ்வளவு கெட்டி என்பது பாதிக் கேள்விதான். உள்ளே பொருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா என்பது மறுபாதி. வீணைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். குடத்துக்கும் தண்டிக்கும் தனித்தனி இருக்கை இருக்கும், குதிரையின் மேல் எதுவும் படாது. வில்லுக்கும் அதே நியாயம்தான். பாரம் ரைசரின் கைப்பிடியில் தாங்க வேண்டும், லிம்ப்கள் தங்கள் உறைக்குள் தனித்தட்டில் தட்டையாகக் கிடக்க வேண்டும், சைட்டைக் கழற்றி அதன் சொந்தச் சிறு பெட்டியில் போட வேண்டும். மூடியை மூடி, பெட்டியைத் தூக்கி மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது சத்தம் வந்தால் அந்தப் பெட்டி இன்னும் பயணத்துக்குத் தயாராகவில்லை.

வில்லின் வடிவத்துக்கே பெட்டி செய்யும் யோசனை பழையது. 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த துட்டன்காமன் கல்லறையில், வேட்டைக் காட்சிகளால் அலங்கரித்த ஒரு மர விற்பெட்டி கிடைத்தது. நடுவில் அகன்று இரு முனைகளிலும் குறுகிய வடிவம். உள்ளே கூட்டு விற்கள் இருந்தன. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், தேரில் கட்டிக்கொண்டு போவதற்காகச் செய்த பெட்டி அது. 1977-ல் கிரேக்க நாட்டு வெர்கினாவில் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் கண்டெடுத்த அரச கல்லறையில், பொன்தகடு போர்த்திய வில்லுறை ஒன்று வந்தது. சிதியர் பாணியில் வில்லும் அம்பும் ஒரே உறைக்குள் அடங்கும் அமைப்பு. கொம்பு, மரம், நரம்பு ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்த அந்தக் காலத்து விற்களுக்கு ஈரம்தான் பெரிய எதிரி. உறை அழகுக்காக மட்டும் அல்ல, ஈரம் தடுக்கவும் வந்தது.

இந்தியாவின் மழைக்காலம் அந்தப் பகையை இன்னும் கூர்மையாக்கியது. நம் நாட்டுக் கொல்லர்கள் அதற்குக் கண்டுபிடித்த விடை, எஃகு வில். முகலாயர் காலத்திலும் அதற்குப் பின்னும் செய்த இந்திய எஃகு விற்கள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. எய்யும் வேகத்தில் அவை கொம்பு வில்லுக்கு இணையில்லை. ஆனால் ஆயுதக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தொங்கினாலும் பசை விட்டுப்போகாது. அவற்றில் சில, கைப்பிடியில் மரை வைத்து இரண்டாகக் கழற்றி எடுத்துப்போகும்படி செய்யப்பட்டவை. இன்று நாம் பெட்டியில் போடும் கழற்றி மாட்டும் வில்லுக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்னோடி இருந்திருக்கிறது என்பது பெருமைப்படத்தக்க செய்தி.

இன்றைய வில்லுக்கு எஃகு வேண்டியதில்லை, ஆனால் பருவநிலை மாறவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் புனேயில் வெயில் 40 டிகிரியை எட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 60 டிகிரி வரை போகும். லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசைக்கு அது சோதனை. காம்பவுண்ட் வில்லின் நாணும் கேபிளும் அந்தச் சூட்டில் மெல்ல நீளும். நீண்டால் இரு உருளைகளின் ஒத்திசைவு போய்விடும், குறிபார்க்க நாணில் பதித்த பீப் துளை திரும்பிவிடும். கறுப்புப் பெட்டி அழகாக இருக்கிறது என்று வாங்குகிறோம். வெயிலில் அதிகம் சூடாவதும் அதுவே. சாம்பல் நிறமோ மணல் நிறமோ கிடைத்தால் அதை எடுங்கள். எந்த நிறமானாலும் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வில்லை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை ஈரம். இங்கிருந்து அக்டோபர், நவம்பரில் சென்னைப் பக்கம் போட்டிக்குப் போனால் அங்கே வடகிழக்குப் பருவமழை காத்திருக்கும். ஈரத்தில் கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. துருப்பிடிப்பவை சிறு எஃகுத் திருகுகள், பூஞ்சை பிடிப்பது விரலில் மாட்டும் தோல் டேப். இவற்றைவிடப் பெற்றோர்கள் கவனிக்காத ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் நுரை. விரலால் அழுத்தினால் புசுபுசுவென்று அமுங்கி மெல்ல எழும் நுரை, தண்ணீரை உறிஞ்சும் வகை. அதில் மலிவானவை ஈரமும் சூடும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, பொடியாக உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த பொடி சைட்டின் மரையிலும் உருளையின் அச்சிலும் போய் ஒட்டும். மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரை கொஞ்சம் விறைப்பாக இருக்கும், தண்ணீரை ஏற்காது, உதிராது. கடையில் சோதிப்பது எளிது: நுரையின் ஓர் ஓரத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல நின்றால் வாங்கலாம். நல்ல ஓடும் மட்டமான நுரையும் கொண்ட பெட்டி கிடைத்தால் வருத்தப்படத் தேவையில்லை. வாகன உதிரி பாகங்களுக்கு நுரை வெட்டித் தரும் பட்டறைகள் பிம்ப்ரி-சின்ச்வட் பக்கம் உண்டு. வில்லை எடுத்துக்கொண்டு போய் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மழையில் நனைந்த வில்லைத் துடைக்காமல் பெட்டிக்குள் பூட்டினால், பெட்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கெடுதல். உள்ளே போன ஈரம் வெளியே வராது.

தண்ணீர் புகாத பெட்டி வேண்டும் என்பவர்கள் ஐபி67 என்ற குறியைத் தேடலாம். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் புகாது என்பது அதன் பொருள். இத்தகைய பெட்டியில் மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் ஓடும். அப்படியானால் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு வால்வு ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். விமானம் மேலே ஏறியதும் சரக்கறையின் காற்றழுத்தம் குறையும், பெட்டிக்குள் இருக்கும் காற்று கசிந்து வெளியேறும். கீழே இறங்கியதும் வெளியழுத்தம் மூடியை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வால்வு இல்லையென்றால் மூடியை நெம்பித் திறக்க வேண்டி வரும், நெம்பினால் கொண்டி போகும். மழைக்கு ஒதுங்க மட்டும் பெட்டி வேண்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை. மூடியின் விளிம்பில் பள்ளமும் மேடும் பொருந்தி அமரும் சாதாரணப் பெட்டியே போதும்.

கொண்டியையும் கீலையும் கையால் தொட்டுப் பாருங்கள். பெட்டிகள் சாவது அங்கேதான், ஓடு உடைந்து அல்ல. கீல் இரண்டு சிறு துண்டுகளாக இல்லாமல் நீளமாக ஓடி, அதற்குள் உலோகக் கம்பி போயிருந்தால் நல்லது. கொண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்காமல் ஓட்டின் குழிக்குள் அடங்கியிருக்க வேண்டும், கன்வேயர் பெல்ட்டில் துருத்தியவைதான் முதலில் பிய்ந்து போகும். சக்கரம் வைத்த பெட்டி வசதி, ஆனால் நம் ரயில்வே மேம்பாலப் படிகளில் சக்கரம் உதவாது. இரு பக்கமும் கைப்பிடி இருந்தால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்கலாம். பூட்டுக்கு இரண்டு துளைகள் இருக்க வேண்டும். பாதுகாப்புப் பரிசோதனையில் திறக்கச் சொல்வார்கள் என்பதால் சாவியைப் பெட்டியோடு அனுப்பாமல் கையில் வைத்திருங்கள்.

இவ்வளவும் கேட்டு, இப்போதுதான் மூங்கில் வில்லில் தொடங்கிய பிள்ளையின் பெற்றோர் கலங்க வேண்டாம். நம் தேசியப் போட்டிகளில் இந்தியச் சுற்று என்று மூங்கில், மர விற்களுக்கே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தக் கட்டத்தில் தடித்த கித்தான் உறை ஒன்று தைத்துக் கொடுத்தால் போதும். அம்புகளுக்கு, கட்டடக் கடையில் கிடைக்கும் மூன்று அங்குல பிவிசி குழாய் ஒரு மீட்டருக்குள் வாங்கி, ஒரு முனையில் மூடியைப் பசைபோட்டு ஒட்டி, மறுமுனையில் திருகு மூடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இரு முனைகளிலும் வட்டமாக வெட்டிய நுரைத் துண்டு, அதில் ஆணியால் துளையிட்டு அம்பு முனைகளைத் தனித்தனியாகச் செருகினால் இறகுகள் கசங்காது. சில நூறு ரூபாயில் முடியும் இந்தக் குழாயை, பிறகு பெரிய பெட்டி வாங்கிய பின்னும், நீளம் அடங்கினால் அதற்குள் வைத்துக்கொள்ளலாம். மூடியின் பட்டையில் அம்புகளைத் திறந்தபடி செருகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பயணத்துக்கு முந்தைய நாள் செய்ய வேண்டியவை சில. வில்லும் அம்பும் விமானத்தில் கைப்பையோடு போக அனுமதியில்லை, சரக்கறைக்குத்தான் போக வேண்டும். விரல் டேப், மார்புக் காப்பு, மாற்று நாண் போன்றவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வில்லை இரவல் வாங்கலாம், விரலுக்குப் பழகிய டேப்பை இரவல் வாங்க முடியாது. அணியாகப் போகும்போது மாற்று லிம்பையும் ஆறு அம்பையும் தோழனின் பெட்டியில் போட்டு, அவனுடையதை உங்கள் பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று தொலைந்தாலும் இருவரும் களத்தில் நிற்கலாம். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி, சைட்டின் எண்கள், லிம்ப் திருகு எத்தனை சுற்று என்பதை ஒரு சிறு நோட்டில் எழுதி, கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். இறகு ஒட்டும் பசையில் தீப்பற்றும் வகை இருந்தால் விமானத்துக்கு வேண்டாம், போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். வில்லின் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பெட்டிக்கு ஒதுக்குங்கள், வில் வாங்கும் அன்றே ஒதுக்குங்கள். ரிகர்வ் எடுக்கும் பிள்ளைக்கு 80 சென்டிமீட்டருக்குள் தட்டையான கெட்டிப் பெட்டி ஒன்றும் தினப் பயிற்சிக்கு ஒரு பையும் போதும். காம்பவுண்ட் எடுக்கும் பிள்ளைக்கு வேட்டைப் பெட்டியை அப்படியே வாங்க வேண்டாம். போட்டி வில்லின் முழு நீளத்துக்குச் செய்த, 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லாத பெட்டியைத் தேடுங்கள். கிடைக்க நாளானால் பொறுத்திருங்கள், அதுவரை வெளியூர்ப் போட்டிக்குக் காரிலோ, உடன் ஒருவர் விழித்திருக்கும் ரயிலிலோ கொண்டுபோகலாம். எதை வாங்கினாலும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வில், நிலைப்பான் கம்பி, அம்பு, சைட் அத்தனையையும் கடைக்கு எடுத்துப்போய், கடைக்காரர் முன்னால் உள்ளே அடுக்கி, மூடி, தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.